மலைக்காரரின் மணிக்கணக்கு

சேலம் விமான நிலையம் ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கிறது. தூத்துக்குடி நிலையம் வாகைகுளத்தில். இரண்டும் கிழக்கு 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி, ஏறத்தாழ நேர் வடக்கு தெற்காக அமைந்தவை. வான்வழித் தூரம் சுமார் 340 கிலோமீட்டர். ஏடிஆர் என்ற சிறு விமானத்துக்கு ஒரு மணி நேரம் போதும். நேரடி விமானம் இல்லாவிட்டால் சென்னைக்குப் போய் மாற வேண்டும். பறக்கும் தூரம் 790 கிலோமீட்டரை நெருங்கிவிடும், காத்திருப்பு தனிக்கணக்கு. சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலையில் உள்ள கொட்டச்சேட்டுக்காரருக்கு இதுவும் முழுக்கணக்கு ஆகாது. அவர் குப்பனூர் மலைச்சாலையில் இறங்கி, அயோத்தியாப்பட்டணம் வழியாகச் சேலத்தைத் தாண்டி, நகரின் மறுபக்கத்தில் உள்ள காமலாபுரத்துக்குப் போயாக வேண்டும். ஆக, சிறு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவை நிர்ணயிப்பது பறக்கும் நேரம் அல்ல. இரு முனையிலும் உள்ள சாலையும் விமானம் வரும் கிழமையுமே. சேர்வராயன் மலையின் இருநூறாண்டுப் போக்குவரத்து வரலாறு இதைத்தான் காட்டுகிறது.

நேர்த்தொலைவை அறிவதில் நமக்கு என்றுமே குறை இருந்ததில்லை. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே நில அளவையின் அடிக்கோட்டை அளந்தார். இரண்டரை அடி எஃகுக் கண்ணிகள் நாற்பதைக் கோத்த 100 அடிச் சங்கிலியே அளவுகோல். வெயில் பட்டு நீளாதபடி மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடார நிழலில் வைத்து அளந்தார்கள். சுமார் 12 கிலோமீட்டரை முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. பிறகு விரிந்த முக்கோண வலை 78 பாகையை ஒட்டிக் குமரி வரை சென்றது. வரைபடம் துல்லியமானது, மலைக்காரரின் நடை மட்டும் குறையவில்லை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் அதே மலையின் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்த காப்பி வேரூன்றியது, அதைக் கடற்கரைக்கு இறக்க வழி வேண்டியிருந்தது. 1856இல் சென்னையில் ஓடத் தொடங்கிய ரயில், சேலம் வழியாக 1862க்குள் மேற்குக் கடற்கரையின் பேப்பூரை எட்டியது. சேலத்திலிருந்து கடற்கரை கிட்டே வந்தது. ஏற்காட்டுக்கு அது கிட்டியது, இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு வண்டி ஏறும் பாதை அமைந்த பிறகுதான்.

விமானத்தின் கதையும் இதுவே. 1993இல் திறந்த சேலம் நிலையம் பெரும்பகுதிக் காலம் விமானமின்றிக் கிடந்தது. மத்திய அரசின் வட்டார விமானத் திட்டமான உடான், ஏறத்தாழ 500 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என உச்சவரம்பு வைத்தது. அதன்படி 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் வந்தது, 2021இல் நின்றது, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. இத்தனைக்கும் சேலத்துக்கும் சென்னைக்கும் நடுவே 265 கிலோமீட்டர் வான்தூரம் இம்மியும் மாறவில்லை. மாறியது, விமானம் உண்டா இல்லையா என்பதுதான்.

எரிபொருளும் கட்டணமும் பறக்கும் தூரத்தைப் பொறுத்தவைதானே என்று கேட்கலாம். நியாயம்தான், ஆனால் அது விமான நிறுவனத்தின் கணக்கு, பயணியின் கணக்கு அல்ல. நான்குவழிச் சாலை இருக்கையில் மலைவாசிக்கு விமானம் எதற்கு என்றும் கேட்கலாம். வீட்டு வாசலிலிருந்து காரே முந்துகிறது என்றால், நடுவழி வேகம் பயணத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அவசர சிகிச்சைக்கோ வேலைக்கோ கிளம்புபவருக்கு வேண்டியது, நாள் தவறாத விமானமும் அதைப் பிடிக்கும் நேரத்தில் மலையிலிருந்து இறங்கும் பேருந்தும். புதிய வழித்தடத்தை அறிவிப்பவர்கள் பறக்கும் நிமிடங்களோடு இந்த இரண்டையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும்.