சிக்கிக்கொண்ட லென்ஸும் ஒரு திருப்புளியும்

கேமராவின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் படங்களின் வரலாற்றையே எழுதிவிடுகிறார்கள். உடலும் லென்ஸும் சேருமிடத்திலுள்ள உலோக வளையத்தை நாம் பொருட்படுத்துவதில்லை. லென்ஸ் கழலாமல் சிக்கிக்கொள்ளும் நாளில்தான் அந்த வளையத்துக்கும் ஒரு வரலாறு உண்டென்று நமக்கு உறைக்கிறது.

1925இல் விற்பனைக்கு வந்த லைக்காவில் லென்ஸ் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. 1930களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் 39 மி.மீ. மரையில் திருகி மாற்றத்தக்க லென்ஸுகளைக் கொண்டுவந்தது. எளிய முறைதான், ஆனால் மாற்ற நேரம் பிடிக்கும், மரை இறுகிப்போனால் கழற்றுவது பெரும்பாடு. 1932இல் ஸைஸ் ஐகான் வெளியிட்ட கான்டாக்ஸ், செருகிச் சற்றே திருப்பியதும் பூட்டிக்கொள்ளும் பயனட் முறையைக் கையாண்டது. துப்பாக்கி முனையில் கத்தியைப் பூட்டும் வழக்கத்திலிருந்து பிறந்த பெயர் அது. லைக்காவும் 1954இல் எம்3 கேமராவுடன் அந்த வழிக்கு வந்து சேர்ந்தது.

ஆயினும் சிக்கலின் முழு உருவத்தைக் காண நாம் சுவீடனுக்குச் செல்ல வேண்டும். கோதன்பர்க் நகரத்து விக்டர் ஹாசல்பிளாட், இரண்டாம் உலகப்போரின்போது சுவீடன் விமானப்படைக்குக் கேமரா செய்து கொடுத்தவர். 1948இல் அவர் வெளியிட்ட 1600எஃப் கேமராவில் ஷட்டர் உடலுக்குள் இருந்தது. நொடியில் 1600இல் ஒரு பங்கு வேகம் கொண்ட அந்த ஷட்டர் அடிக்கடி பழுதுபட்டது. 1957இல் வந்த 500சி கேமராவில் ஷட்டர் லென்ஸுக்குள் குடிபெயர்ந்தது. உச்ச வேகம் 500இல் ஒரு பங்காகக் குறைந்தாலும், எல்லா வேகத்திலும் பிளாஷ் பயன்படுத்தும் வசதி கிடைத்தது.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. லென்ஸிலுள்ள ஷட்டரின் வில்லை உடல்தான் முறுக்கியாக வேண்டும். உடலிலிருந்து ஒரு சிறு தண்டு நீண்டு, லென்ஸின் பின்புறமுள்ள பிளவில் பொருந்திச் சுழலும். இரண்டும் முறுக்கப்பட்ட நிலையில் இருந்தால் மட்டுமே லென்ஸைக் கழற்றவோ மாட்டவோ இயலும். தனியே கிடந்த லென்ஸின் வில் விடுபட்டிருந்தாலோ, நீட்டிப்புக் குழாய்களை வரிசை மாற்றிக் கழற்றினாலோ, இரு தண்டுகளின் இசைவு குலையும். பிறகு லென்ஸும் கழலாது, கைப்பிடியும் சுழலாது.

அந்நேரத்தில் பலத்தைக் காட்டினால் உள்ளுறுப்புகள் சேதமாகும். மருத்துவம் வேறு. பின்னாலுள்ள பிலிம் பெட்டியை அகற்றி, உள்ளே இருக்கும் இரண்டு மடிப்புக் கதவுகளை மெல்லத் திறந்து, நீண்ட மெல்லிய திருப்புளியைச் செலுத்த வேண்டும். உடலின் தண்டு முடியுமிடத்தில் ஒரு பிளவு தென்படும். அதை வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் நின்றுவிடும். லென்ஸ் முறுக்கேறிவிட்டது, இனிக் கழற்றலாம். கண்ணாடியிலும் கதவுகளிலும் கீறல் படாமல் இதைச் செய்ய நிதானம் தேவை.

இந்தக் குடும்பத்துக் கேமராதான் 1962இல் வால்டர் ஷிராவுடன் விண்வெளிக்குச் சென்றது. 1969இல் அப்பல்லோ 11 நிலவுக்குக் கொண்டுசென்ற 500ஈஎல் வகையில், முறுக்கும் வேலையை மோட்டார் ஏற்றுக்கொண்டது. தடித்த கையுறை அணிந்தவர் திருப்புளியோடு பிளவைத் தேடிக்கொண்டிருக்க முடியாதல்லவா? திரும்பும்போது எடையைக் குறைக்கக் கேமராவை நிலவிலேயே விட்டுவிட்டுப் பிலிம் பெட்டிகளை மட்டும் கொண்டுவந்தார்கள்.

1987இல் கேனான் தனது இஎஃப் வரிசையில் உடலுக்கும் லென்ஸுக்கும் இடையே மின்தொடர்பை மட்டும் வைத்து, இயந்திரத் தண்டுகளை முற்றிலும் நீக்கியது. ஹாசல்பிளாட்டின் பழைய வரிசை 2013இல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. தண்டுகளோடு அந்தப் பழைய சிக்கலும் போய்விட்டது என்பது உண்மையே. ஆனால் மின்தொடர்பு அறுந்துபோனால் நம் திருப்புளி எட்டும் இடம் எதுவும் அங்கில்லை. 500சி பழுதானபோது, எங்கே சிக்கியிருக்கிறது என்பதை அதன் உரிமையாளர் தம் கண்ணாலேயே பார்க்க முடிந்தது; கையாலேயே விடுவிக்கவும் முடிந்தது. வசதிக்கு ஈடாக நாம் கைவிட்டது இந்த உரிமையைத்தான் என்று தோன்றுகிறது.