மறையூர் முனியறைகள்

மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் சாலையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மறையூரைச் சுற்றிப் பாறைகளின் மேல் நிற்கும் பெருங்கற்கால ஈமச்சின்னங்களே முனியறைகள். பலகை பலகையாகப் பெயர்த்தெடுத்த கற்களை மூன்று புறமோ நான்கு புறமோ நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல்லை ஏற்றிவைத்தால் முனியறை. தமிழ்நாட்டுத் தொல்லியலாளர்கள் இதைக் கல்திட்டை என்பார்கள். இதே அறை மண்ணுக்குள் இருந்தால் கல்பதுக்கை.

மறையூர், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்தது. மூணாறில் மழை கொட்டும் நாளிலும் இங்கே வெயில் அடிக்கும், மழைமறைவுப் பகுதி. கேரளத்து ஆறுகளில் கிழக்கே ஓடுபவை கபினி, பவானி, பாம்பாறு மூன்றுதான். அவற்றுள் பாம்பாறு இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு இறங்கி அமராவதியில் சேர்கிறது. சந்தனக்காட்டாலும் கரும்பு வெல்லத்தாலும் பேர்பெற்ற இவ்வூரும் காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகியவையும் சேர்ந்தது அஞ்சுநாடு. அஞ்சுநாட்டார் தங்கள் முன்னோர் மதுரைப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்கிறார்கள். கோவில்கடவில் ஆற்றோரம் தென்காசிநாதர் கோயில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பாறைகளில் முனியறைகளைப் பார்க்கலாம்.

பெயரே ஒரு விளக்கம்தான். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரத்தில் ஒரு கல்லறை இருந்தால், அதில் உட்கார்ந்திருந்தவர் முனிவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஊரார் முடிவு செய்தார்கள். வனவாசத்தில் பாண்டவர்கள் மறைந்திருந்த ஊர், அதனால் மறையூர் என்பது இன்னொரு கதை. இந்தக் கதைகள் மறையூருக்கு மட்டும் உரியவை அல்ல. தமிழ்நாட்டில் இதேபோன்ற சின்னங்களை வாலியர் வீடு, பாண்டவர் குழி, குரங்குப் பட்டடை என்றெல்லாம் சொல்வதுண்டு. கட்டியவர்களை மறந்துவிட்ட இடத்தில் புராணம் வந்து குடியேறுவது நம் நாட்டு வழக்கம்.

அந்த வழக்கத்தை அச்சேற்றியவர் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர். மலபாரில் தாம் திறந்து பார்த்த ‘பாண்டு குழி’களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1823-ல் பம்பாய் இலக்கியச் சங்கத்தின் தொகுதியில் வெளிவந்தது. தென்னிந்தியப் பெருங்கற்சின்னங்களின் ஆய்வு வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அரை நூற்றாண்டு கழித்து நீலகிரியின் ஆணையர் பிரீக்ஸ், அம்மலையின் கல்வட்டங்களைத் திறந்து எழுதினார். மறையூருக்கு மிக நெருங்கிய ஆய்வு பழனி மலையில் நடந்தது. செண்பகனூர் சேசு சபைப் பாதிரியார் ஆங்லாத், நியூட்டன் என்பவருடன் சேர்ந்து எழுதிய பழனி மலைக் கல்திட்டைகள் பற்றிய நூலை 1928-ல் இந்தியத் தொல்லியல் துறை தன் 36-ஆவது நினைவேடாக வெளியிட்டது. கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் நடுவே மாநில எல்லை ஓடுவது நமக்குத்தான். கல் நட்டவர்களுக்கு அது ஒரே மலைத்தொடர்.

இவை எதற்காக என்பதில் பெரிய மர்மம் கிடையாது. இறந்தோருக்காகக் கட்டியவை, இரும்புக் காலத்தைச் சேர்ந்தவை. இவ்வகைச் சின்னங்களில் பெரும்பாலானவை கிறித்துவுக்கு முந்தைய ஆயிரம் ஆண்டுகளில் எழுந்தவை என்பது பொதுவான கருத்து. இறந்தோரைச் சுடுவது, தாழியில் கவிப்பது, அறையில் அடைப்பது என ஐந்து வழக்கங்களை மணிமேகலைக் காப்பியமே சுடுகாட்டை ஒட்டிய சக்கரவாளக் கோட்டத்தைச் சொல்லுமிடத்தில் வரிசையாகக் கூறுகிறது. கற்களைப் பெயர்த்த முறையும் எளிது. பாறைமேல் தீ மூட்டிக் காயவைத்துத் தண்ணீர் ஊற்றினால் பாளம் பாளமாகக் கழன்று வரும். ஆப்படித்து நெம்பினால் போதும். டன் கணக்கில் எடையுள்ள மூடுகல்லை மனிதனால் தூக்க முடியுமா என்று கேட்பவர்கள், தேர் இழுக்கும் ஊரில் பிறக்காதவர்கள்.

ஆனால் ஆய்வாளருக்கு முன்பே புதையல்காரன் வந்துவிடுகிறான். மூடிய கல்லுக்குள் பொன் இருக்கும், பூதம் காக்கும், மை போட்டுப் பார்த்தால் தெரியும் என்ற நம்பிக்கை தென்னாடு முழுக்க உண்டு. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தது உண்மை. அது தாமிரபரணிக் கரையின் பெரிய தாழிக்காடு. மலைமேல் கல்லறைகளில் பொதுவாகக் கிடைப்பது கருப்பு சிவப்புப் பானை ஓடு, துருப்பிடித்த இரும்பு, அதிர்ஷ்டம் இருந்தால் சில மணிகள். இத்தனைக்கும் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மை போடுகிறவரின் வேலையைப் பிற்பாடு தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் 1977-ல் தொடங்கிய ‘இன் சர்ச் ஆஃப்’ இந்த வகைக்கு வழிபோட்டது. 2010 முதல் ஓடிய ‘ஏன்ஷியன்ட் ஏலியன்ஸ்’ பெரிய கல்லெல்லாம் வேற்றுக்கிரகத்தார் வைத்தது என்ற தொனியில் பேசியது. 2014-ல் தொடங்கிய ‘தி கர்ஸ் ஆஃப் ஓக் ஐலண்ட்’, பத்துப் பருவங்களைத் தாண்டியும் புதையல் பெட்டியைக் காட்டவில்லை. தமிழில் நாகா இயக்கிய, இந்திரா சௌந்தர்ராஜனின் ‘மர்ம தேசம்’ தொடர் 1990-களில் சன் டிவியில் வந்தது. கதை என்று சொல்லிக்கொண்டு வந்த கதை என்பதால் அதில் குற்றமில்லை. ‘நிஜம்’, ‘நடந்தது என்ன?’ போன்ற நிகழ்ச்சிகள் நிஜத்தின் பேரிலேயே வந்தன. 2011-ல் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகள் திறக்கப்பட்டபோது, திறக்காத பி அறையைப் பற்றித்தான் செய்தி அலைவரிசைகள் அதிகம் பேசின. கேள்வியைக் கேட்டுவிட்டு விளம்பர இடைவேளைக்குப் போவது இந்தக் கலையின் இலக்கணம். பதில் சொன்னால் அடுத்த வாரம் நிகழ்ச்சி இல்லை. முனியறையைப் படம் பிடிக்க வருகிறவர்கள் இன்று அந்தக் குரலிலேயே பேசுகிறார்கள்: சித்தர்கள் தவம் செய்த அறையா, குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடா?

உண்மையான புதையல் எப்படி இருக்கும் என்பதை மலைக்கு அந்தப்பக்கம், பழனி அருகே பொருந்தலில் பார்க்கலாம். 2009-10-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் அங்கே ஒரு கல்லறையை அகழ்ந்தார். உள்ளே நான்கு கால் கொண்ட ஒரு ஜாடி. அதற்குள் சுமார் இரண்டு கிலோ நெல். அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணக்கிட்டார்கள். பிராமி எழுத்துப் பொறித்த பானைத்தாங்கி ஒன்றும் கூடவே இருந்தது. புதையல் தோண்ட வந்தவன் கையில் அந்த ஜாடி சிக்கியிருந்தால் நெல்லைக் கொட்டிவிட்டுப் போயிருப்பான்.

மறையூரில் பல முனியறைகள் சரிந்து கிடக்கின்றன. மூடுகல் இழந்தவையும் உண்டு. பார்க்கப் போகிறவர்கள் சுற்றி வந்து பாருங்கள், குனிந்து உள்ளேயும் பாருங்கள். படம் எடுப்பதற்காக மூடுகல்லின் மேல் ஏறாதீர்கள். அதைத் தாங்கி நிற்பவை வெறும் பாறைமேல் ஊன்றாமல் நிறுத்திய பலகைக் கற்கள்.