ஓட்டுநரில்லாக் கார் மோதினால் ஈட்டுப் பொறுப்பு யாருடையது?

2018 மார்ச் 18ஆம் நாள் இரவு பத்து மணியளவில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளியவாறு சாலையைக் கடந்த 49 வயதுப் பெண்மணி மீது ஊபர் நிறுவனத்தின் தானியங்கிச் சோதனைக் கார் மோதியது. அவர் உயிரிழந்தார். தானியங்கிக் காரால் பாதசாரி ஒருவர் மாண்டதாக அறியப்பட்ட முதல் நிகழ்வு அது.

ஓட்டுநர் இருக்கையில் கண்காணிப்பாளர் இருந்தார். ஆனால் அவர் கண்கள் கைப்பேசியில் இருந்தன. மோதலுக்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே கருவி அப்பெண்மணியைக் கண்டுவிட்டது. அவரை வாகனம் என்றும், இனந்தெரியாத பொருள் என்றும், சைக்கிள் என்றும் மாற்றி மாற்றிக் கணித்ததே தவிர, மனிதர் என்று உணரவில்லை. கடக்குமிடம் அல்லாத இடத்தில் மனிதர் சாலையைக் கடக்கக்கூடும் என்பதே அந்த நிரலில் இல்லை! வால்வோ நிறுவனம் காரில் பொருத்தியிருந்த அவசர பிரேக் வசதியும் தானியங்கி ஓட்டத்தின்போது செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. இவற்றைப் பதிவு செய்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கண்காணிப்பாளரோடு நிறுவனத்தையும் மாநில அரசின் மேற்பார்வைக் குறையையும் சுட்டிக்காட்டியது. எனினும் நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு இல்லை. கண்காணிப்பாளர் மட்டுமே குற்றம் சாட்டப்பட்டு, 2023இல் குறைந்த குற்றமொன்றை ஒப்புக்கொண்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பைப் பெற்றார்.

தானே கண்டு தானே நகரும் ஊர்தி நம் ஃபுகஹாக்களுக்குப் புதிதன்று. ஒட்டகமும் குதிரையும் அத்தகையவையே. விலங்கு விளைக்கும் காயத்திற்கு ஈடில்லை என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதைக் கட்டவிழ்ந்து தானே சென்ற விலங்குக்கு உரியதாகவே அறிஞர் பலர் கொண்டனர். பராஉ இப்னு ஆஸிப் (ரழி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்தைப் பாழாக்கியபோது, பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் கடமை, இரவில் கால்நடை விளைக்கும் சேதம் அதன் உரிமையாளரைச் சேரும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஹனஃபி நூல்கள் இன்னும் நுணுகிச் செல்கின்றன: விலங்கு மிதித்தால் அதன் மீது அமர்ந்திருப்பவர் பொறுப்பாளி, ஓட்டத்தில் பின்னங்காலால் உதைத்தால் அல்லர். முன்னதைத் தடுக்க அவரால் இயலும், பின்னதைத் தடுக்க இயலாது. ஆக, தவிர்க்க இயன்றதா என்பதே அளவுகோல்.

உஸ்மானியப் பேரரசில் அஹ்மத் ஜெவ்தெத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா இதனை விதிகளாக்கிற்று. நேரடியாகச் செய்தவரும் காரணமானவரும் சேர்ந்திருப்பின் பொறுப்பு முன்னவரைச் சேரும் என்பது 90ஆம் விதி. காரணமானவர் வரம்பு மீறியிருந்தாலன்றிப் பொறுப்பாகார் என்பது 93ஆம் விதியின் சாரம். டெம்பியில் நேரடியாகச் செய்தவர் யார்? கண்காணிப்பாளர் ஸ்டீயரிங்கைத் திருப்பவில்லை, பார்க்கத் தவறினார். பிரேக்கை முடக்கியவர்களோ காரிலேயே இல்லை. நம் பார்வையில், அம்முடக்கம் வரம்பு மீறலே. அதைச் செய்தவர்களை விட்டுக் கண்காணிப்பாளரை மட்டும் கூண்டிலேற்றியதில் பாதி நீதியே உண்டு.

தியத் பணம், அதை நிறுவனமும் தரலாம். தவறுதலாக நிகழ்ந்த கொலைக்கு அந்நிஸா அத்தியாயம் விதிக்கும் கஃப்பாராவோ ஓர் அடிமையின் விடுதலை, இயலாவிடில் தொடர்ந்து இரண்டு மாத நோன்பு. காரணமானவர் மீது கஃப்பாரா இல்லை என்பது ஹனஃபி மத்ஹப். உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹப். பின்னதைப் பின்பற்றும் பொறியாளர் ஒருவர் இத்தகைய நிறுவனத்தில் பணியாற்றினால், பிரேக்கை அணைக்கும் ஆணையில் கையொப்பமிடும் முன் இதையும் எண்ணியாக வேண்டும். நிறுவனத்தால் நோன்பு நோற்க இயலாது.