சான் மார்க்கோ மடத்துச் சுவரோவியங்களும் அவற்றின் இடமும்

இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரில் சான் மார்க்கோ என்னும் பழைய துறவியர் மடம் ஒன்று உளது. 1869ஆம் ஆண்டு முதல் அது காட்சிச்சாலையாக விளங்கி வருகின்றது. பிரா ஆஞ்சலிக்கோ எனப் பிற்காலத்தார் போற்றும் துறவி ஓவியரும் அவர்தம் துணைவரும் பதினைந்தாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தீட்டிய சமய ஓவியங்கள் அம்மடத்துச் சுவர்களில் இன்றும் உள்ளன. அவற்றை ஆராய்ந்த ஐரோப்பிய அறிஞருட் பலர், எவ்வோவியம் ஆசிரியர் கைப்பட்டது, எது மாணாக்கர் கைப்பட்டது என்னும் வினாவிலேயே பெரிதும் கருத்தைச் செலுத்தினர். அவ்வினா வேண்டுவதே. ஆயினும், அவை எவ்விடத்தில், யாருக்காகத் தீட்டப்பட்டன என்னும் வினா அதனினும் முற்பட்டது என்பது எம் கருத்து. தொல்காப்பியச் செய்யுளியல் ‘முன்னம்’ என ஓர் உறுப்பினைக் கூறும். ஒரு கூற்று எவ்விடத்தில், எவரால், எவர்க்கு உரைக்கப்படுகின்றது என்பதை ஓர்ந்து பொருள் கொள்வதற்கு உதவுவது அது. செய்யுளுக்கு வகுத்த அவ்விலக்கணம் சான் மார்க்கோ ஓவியங்களைக் காண்பார்க்கும் நல்வழி காட்டுவதாகும். அம்மடத்தின் வாயில் தொடங்கி மேல்தளத்து அறைகள் வரை யாம் கண்டவற்றை அம்முறையில் இங்கு ஆராய்வாம்.

முதற்கண் மடத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். சில்வெசுத்திரன் சபைத் துறவியர்க்கு உரியதாயிருந்த இம்மடம், 1436இல் பாப்பரசர் நான்காம் எவுசேனியுவின் ஆணையால், பியேசொலேயில் வாழ்ந்த தொமினிக்கன் சபையார்க்கு வழங்கப்பெற்றது. இவர்கள் சபையின் பழைய ஒழுக்கத்தையும் வறுமை நோன்பையும் மீண்டும் கடுமையாகக் கைக்கொள்ள முற்பட்ட பிரிவினர். பழுதுற்றிருந்த கட்டடத்தை மிக்கெலொட்சோ என்னும் கட்டடக் கலைஞர் 1437 முதல் புதுக்கினார். அதற்குப் பொருள் உதவியவர் நகரின் பெருஞ்செல்வரும், 1434இல் நாடு கடத்தலினின்று மீண்டு ஆட்சிச் செல்வாக்குப் பெற்றவருமாகிய கொசிமோ தெ மெடிச்சி ஆவர். தாம் ஈட்டிய பொருளிற் சில நேரிய வழியில் வந்ததன்று என அவர் உள்ளம் உறுத்த, 10,000 புளோரின் பொன்னை இம்மடத்திற்குச் செலவிடுமாறு பாப்பரசர் அறிவுறுத்தினார் என அக்காலத்துப் புத்தக வணிகர் வெசுப்பாசியானோ எழுதி வைத்துள்ளார். 1443ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, பாப்பரசர் முன்னிலையில் கோயில் புனிதப்படுத்தப்பட்டது. வறுமையை நோன்பாகக் கொண்ட துறவியரும் வட்டித் தொழிலால் வளர்ந்த வணிகரும் ஒரு கூரையின் கீழ்க் கூடிய இந்நிலையை நினைவிற் கொண்டே ஓவியங்களை நோக்குதல் வேண்டும்.

ஓவியர் குயிதோ தி பியெத்ரோ என்னும் பிறப்புப் பெயருடையவர். துறவு பூண்டபின் சொவான்னி எனப்பட்டார். 1455இல் உரோமையில் மறைந்தார். செப வேண்டுதலின்றி அவர் தூரிகையைத் தொட்டதில்லை என்றும், சிலுவையில் அறையுண்ட கிறித்துவைத் தீட்டுந்தோறும் கண்ணீர் உகுத்தார் என்றும் வசாரி கூறுவர். வசாரியின் நூல் முதற்கண் வெளிவந்தது 1550இல் ஆதலின், ஏறத்தாழ நூறாண்டு இடையிட்ட அச்செய்தியை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளாது, அடியார் வரலாறு போன்றதொரு மரபாகக் கொள்ளுதலே தகும். ஓவியரின் பத்திமையை அறிதற்கு அம்மரபினும் சுவர்களே சிறந்த சான்றாம்.

அச்சுவர்களில் உள்ளவை ஈரச்சுதை ஓவியங்கள். சுண்ணாம்பும் மணலும் குழைத்த சாந்தினை ஒருநாள் வேலைக்கு வேண்டிய அளவே பூசி, அஃது உலருமுன் நீரிற் கரைத்த வண்ணத்தைத் தீட்டுவர். சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்போல் இறுகுங்கால் வண்ணமும் அதனுட் பிணிப்புண்டு நிற்கும். எனவே, இவ்வகை ஓவியம் சுவரின்மேல் ஒட்டியது என்பதினும் சுவரின் ஒரு பகுதியே ஆயிற்று என்பது பொருந்தும். செப்புக் கனிமத்தினின்று எடுக்கும் நீலம் ஈரச் சுண்ணாம்பில் நன்கு நிலைபெறாது. ஆதலின் அதனைச் சுவர் உலர்ந்தபின் பசை கூட்டிப் பூசுவர். மடத்தின் அவைக்கூடத்திலுள்ள பெரிய சிலுவைக் காட்சியில் வானின் நீலம் உதிர்ந்து அடிப்பூச்சின் செம்மை வெளிப்பட்டு நிற்றற்குக் காரணம் இதுவே. அச்செவ்வானைத் துயரக் குறியாக ஓவியரே கருதித் தீட்டினார் எனப் பொருள் கொள்வார், காலம் செய்ததைக் கலைஞன் செய்ததாகக் கொண்டாராவர்.

இனி, இடவகையால் ஓவியங்களைப் பகுத்துக் காண்பாம். கீழ்த்தளத்து முற்றத்தைச் சூழ்ந்த கதவுகளின் மேல் சிறிய வளைவு ஓவியங்கள் உள்ளன. திருப்பூட்டறைப் பக்கத்துக் கதவின்மேல், மறைசாட்சியாகிய பேதுரு என்னும் தொமினிக்கன் புனிதர் இதழ்மேல் விரல் வைத்து அமைதி காக்குமாறு பணிக்கின்றார். வழிப்போக்கர் தங்கும் விடுதியின் கதவின்மேல், வழிநடைக் கோலத்தில் வரும் கிறித்துவைத் துறவியர் இருவர் எதிர்கொண்டு வரவேற்கின்றனர். வருகின்ற ஏழை எவராயினும் அவரை இறைவனாகக் கொண்டு உபசரிக்க என்பது அதன் கருத்து. இவ்விரண்டையும் இடம் மாற்றி வைப்பின் இரண்டும் பொருளிழக்கும். முன் கூறிய அவைக்கூடம் துறவியர் அனைவரும் கூடித் தம் குறைகளை எடுத்துரைக்கும் இடமாகும். ஆங்குச் சிலுவையின் அடியில் மடத்தின் காவலராகிய மாற்கும், நகரின் காவலராகிய திருமுழுக்கு யோவானும், மெடிச்சிக் குடியின் காவலராகிய கொசுமாசும் தமியானும், சபைகளை நிறுவிய பெரியோரும் நிரலாக நிற்கின்றனர். பலர் கூடும் இடமாதலின் பலர்க்கும் உரிய புனிதர் அங்கு இடம்பெற்றனர் என்க.

மேல்தளத்திற்குச் செல்லும் படிகளில் ஏறுவார் கண்முன் முதற்கண் தோன்றுவது மங்கள வார்த்தை ஓவியமாகும். தூண் வளைவுகளையுடைய முகப்பில் கன்னி மரியாள் அமர்ந்திருக்க, பன்னிற இறகுகளையுடைய கபிரியேல் வானதூதர் வணங்குகின்றார்; அருகே வேலியிட்ட தோட்டம். இவ்வுருவின் முன் வருவோர் ‘அருள் நிறைந்த மரியே’ என்னும் செபத்தைச் சொல்ல மறவாதிருக்க என்னும் கருத்தமைந்த இலத்தீன் வாசகம் அதன் அடியிற் பொறிக்கப்பட்டுள்ளது. இது நடைவழியில், நடப்பவர்க்காக அமைந்தது. கிழக்கு நடைவழியில் மற்றொரு மாதா ஓவியம் உண்டு. அதிலுள்ள தூண் தலைப்புகளின் நிழல், நடைவழியின் கோடியிலுள்ள மெய்யான சாளரத்தின் ஒளியால் விழுந்தாற்போலத் தீட்டப்பெற்றுள்ளது. அக்காரணம் பற்றி அது ‘நிழல்களின் மாதா’ எனப் பெயர் பெற்றது. கட்டடத்தின் ஒளியையும் ஓவியத்தின் உறுப்பாக ஆக்கிக் கொண்ட திறம் இது.

மூன்றாம் அறையுள்ளும் அதே மங்கள வார்த்தை தீட்டப்பட்டுள்ளது. ஆயின் அங்குத் தோட்டமில்லை, பன்னிற அழகில்லை. வெறுமையான வளைகூரையின் கீழ் மரியாள் முழந்தாளிட்டிருக்க, தூதர் எதிர் நிற்கின்றார். ஒருபுறம் பேதுரு கைகூப்பி நோக்கி நிற்கின்றார். ஓவியத்துள் காணும் வளைகூரை அவ்வறையின் கூரையை ஒத்தது. நற்செய்தி தன் அறையிலேயே நிகழ்வதாக அங்கு வாழும் துறவி எண்ணுமாறும், பேதுருவின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்குமாறும் அது அமைந்தது. நடைவழியின் ஓவியம் பலரையும் செபம் சொல்லப் பணித்தது; அறையின் ஓவியம் ஒருவனைத் தியானத்தில் இருத்தியது. பொருள் ஒன்றாயினும் கேட்போர் வேறாதலின் கூற்றும் வேறாயிற்று.

ஏழாம் அறையின் ஓவியம் இன்னும் நுண்ணியது. கண் கட்டுண்ட கிறித்து நடுவில் அமர்ந்திருக்கின்றார். அடிக்கும் கைகளும், கோலும், உமிழும் ஒரு தலையுமே சூழ உள்ளன. அவற்றிற்குரிய உடல்கள் தீட்டப்படவில்லை. கீழே மரியாளும் தொமினிக்கும் அமர்ந்துள்ளனர். இருவரும் அக்கொடுமையை நேரே நோக்கிலர். தொமினிக்கு மடிமேல் நூல் விரித்துப் படிக்கின்றார். விடப்பட்டதைக் காண்பவன் தன் உள்ளத்தால் நிரப்பிக் கொள்ளுமாறு விடுத்த எச்சம் இது. மறைநூலைப் படித்து மனத்திற் காட்சியை எழுப்பும் பயிற்சியை அவ்வறையின் துறவி இதனால் பெற்றான். பயிற்சி பெறும் இளந்துறவியர் அறைகளிலோ, சிலுவையின் முன் தொமினிக்கு வழிபடும் காட்சியே வெவ்வேறு மெய்ப்பாடுகளுடன் மீண்டும் மீண்டும் வருகின்றது. தொமினிக்கின் ஒன்பது செப முறைகளைக் கூறும் பதின்மூன்றாம் நூற்றாண்டு நூலொன்றுடன் இவற்றை இயைத்துக் காட்டியவர் வில்லியம் ஊட் என்னும் அறிஞர். அவரது நூல் 1993இல் வெளிவந்தது. ஒரே காட்சி மீள வருதலைக் கற்பனை வறட்சி எனக் கருதினார்க்கு அவ்விளக்கம் தக்க விடையாகும். இளந்துறவி அவற்றைக் கண்டு தன் உடலை வணங்கப் பழக்கினான்.

இவற்றிற்கு மாறாகக் கொசிமோ தனித்திருத்தற்கென அமைந்த இரட்டை அறையில் மூவரசர் வணக்கம் தீட்டப்பட்டுள்ளது. மாந்தர் கூட்டமும் பல்வண்ண ஆடைகளும் நிறைந்தது அது. செல்வத்தைக் கொண்டு வந்து குழந்தையின் அடியில் வைத்த அரசர் கதை, செல்வர் ஒருவர்க்கு ஆறுதலாகவும் அறிவுரையாகவும் அமையும். அதன் கீழுள்ள மாடத்தில் துயருறு கிறித்துவின் உருவம் காணப்படுகின்றது. ஆறுதலோடு எச்சரிக்கையும் சேர்ந்தே நின்றது போலும்.

பிற்காலத்தில் இம்மடம் பல இடர்களைக் கண்டது. 1491இல் இதன் தலைவரான சவொனரோலா, 1498 ஏப்பிரல் மாதத்தில் மடம் முற்றுகையிடப்பட்டுப் பிடிபட்டு, மே 23ஆம் நாள் தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டார். நெப்போலியன் ஆட்சிக் காலத்தில் ஒருமுறையும், 1866ஆம் ஆண்டு இத்தாலிய அரசின் சட்டத்தால் மறுமுறையும் மடத்தின் உரிமை துறவியரிடமிருந்து பறிக்கப்பட்டது. மிக்கெலொட்சோ கட்டிய நூலகத்தின் சுவடிகள் பிற நூலகங்களுக்குச் சென்றன. கூடம் மட்டும் நின்றது. பிரா ஆஞ்சலிக்கோ இக்கோயிற் பீடத்திற்கெனப் பலகையில் தீட்டிய பெரிய ஓவியத்தின் அடிப்பலகைகள் பிரிக்கப்பட்டு, மியூனிக்கு, வாசிங்டன், தப்ளின், பாரிசு முதலிய நகரங்களிற் சிதறின. வேறு கோயில்களுக்கென அவர் தீட்டிய பலகைகளோ இங்குக் கொணரப்பட்டு, பழைய விடுதிக் கூடத்தில் வைக்கப்பட்டுள்ளன. பலகைகள் வந்தும் சென்றும் இடம் மாறின. சுவரோவியங்கள் மட்டும் தம் இடத்திலேயே நின்றன.

எனினும் அவற்றைக் காண்பார் மாறினர். நாற்பதிற்கும் மேற்பட்ட அறைகளைக் காட்சிச்சாலையிற் புகுவோர் ஒரு பொழுதிற் கண்டு செல்கின்றனர். துறவியோ தன் அறையின் ஓவியம் ஒன்றனோடே பல்லாண்டு வாழ்ந்தான். பிறர் அறையினுள்ளதை அவன் அத்துணை அறிந்திருத்தல் அரிது. இன்று அனைத்தையும் ஒப்பிட்டு ஆராயும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது, அவர்கள் தம் இல்லத்தை இழந்தமையால் என்பதை மறத்தல் ஆகாது. ஒப்பீட்டால் ஓவியர் கையையும் காலத்தையும் வரையறுக்கலாம். ஆயின் பொருளை அறிய விழைவார் ஓரறையுள் நின்று, அதன் சிறு சாளரத்தின் ஒளியில், அங்கு வாழ்ந்தவனுக்கு அச்சுவர் யாது கூறிற்று எனக் கேட்டல் வேண்டும். நூல்களில் அச்சிட்ட வண்ணப் படங்கள் இவ்வோவியங்களை அளவொத்த ஏடுகளாகக் காட்டுவன. கதவையும் படியையும் சாளரத்தையும் அவை காட்டா. ஆகலின், இம்மடத்தைப் பற்றி எழுதுவோர் ஒவ்வோர் ஓவியத்திற்கும் அதன் இடத்தையும் அங்கு உறைந்தாரையும் முதற்கண் குறித்து, அதன்பின் கலைத்திறம் கூறப் புகுதலே முறையாம்.