முலாமின் கீழே

கொட்டியார்க் குடாவுக்குத் தெற்கே அமைந்த வேளாண் ஊர் கிளிவெட்டி. கடலை அடுத்த திருகோணமலை மாவட்டத்திலே பழைய மோட்டார் வண்டிகளுக்குப் பெரும்பகை உப்புக் காற்றேயாகும். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்து, இலங்கைத் தெருக்களில் நன்கு பழகிய மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அதன் கதவுக் கைப்பிடிகள் துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டவை. அவற்றின்மேல் செப்பு, நிக்கல், குரோமியம் என முலாம் பூசுவது வழக்கம். முலாமின் நுண்துளை வழியே உப்பீரம் புகுந்தால் உள்ளிருக்கும் துத்தநாகம் அரிபட்டுப் பொங்கும். மேற்புறம் அம்மைத் தழும்பு கொள்ளும்.

மினுக்குவதனால் இந்நோய் தீராது. பழைய முலாமை நீக்கி, ஒவ்வொரு குழியையும் தூய உலோகம் தெரியும்வரை அகழ்ந்து, செப்பு பூசி, பற்றாசால் நிரப்பி, அராவிச் சமன்செய்து, மறுபடி முலாமிடல் வேண்டும். வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்றாசு 183 பாகையில் உருகும். கைப்பிடியோ 380 பாகையளவில் தானே உருகிவிடும். ஆகவே அளவு மீறிய சூடு பொருளையே அழித்துவிடும்.

1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதிய உறுப்புகள் அரிதான அக்காலத்தில், பழையதைச் செப்பனிடும் கைத்திறனே வண்டிகளை வாழவைத்தது. அன்று தேவை கற்பித்த அப்பொறுமையை, கடைகள் நிறைந்த இன்றும் நாம் இழந்துவிடலாகாது.