நூறு மாத்திரைப் பொழுது: மரு, காரம், நூல்

கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் இமையோரத்திலும் சிறு காம்புடன் தொங்கும் தோல் வளர்ச்சிக்கு இந்திய மொழிகளில் தனிப்பெயர் அரிது. தமிழில் அது மரு. இந்தியில் மஸ்ஸா, மராத்தியில் சாம்கீள், தெலுங்கில் புலிபிரி, வங்காளத்தில் ஆஞ்சில். இவற்றுள் எதுவும் அந்த வளர்ச்சிக்கு மட்டும் உரிய பெயரன்று. வைரசால் தோன்றும் சொரசொரப்பான மருவையும் இதே சொற்கள் சுட்டும். பாலுண்ணி என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் உண்டு. மலையாளத்தில் அது பெரும்பாலும் தொங்கும் மருவைக் குறிக்க, தமிழில் வைரஸ் மருவுக்கும் வழங்குகிறது. அண்மைக்கால இயந்திர மொழிபெயர்ப்போ 'தோல் குறிச்சொல்' என்றொரு சொல்லைப் பரப்பிவருகிறது. எந்த வீட்டிலும் எவரும் அச்சொல்லால் தம் உடலைப் பற்றிப் பேசுவதில்லை.

சொல்லாராய்ச்சிக்கு இது சுவையான செய்தி. உடலுக்கு இது வேறு வகையில் முக்கியமானது. மருந்து பெயரைத் தொடர்ந்தே செல்கிறது. மரு என்று பெயரிட்டுவிட்டால், மருவுக்கு உரியதாகச் சொல்லப்படும் வைத்தியம் கைக்கு வந்துவிடும். குதிரைவால் மயிரையோ பட்டு நூலையோ காம்பில் இறுகக் கட்டுவது ஒன்று. சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைப்பது மற்றொன்று. இவை இரண்டும் நாட்டின் பல பகுதிகளில் இன்றும் நடப்பவை. இரண்டுக்கும் நெடிய எழுத்து வரலாறு உண்டு. அவ்வரலாற்றைப் படிக்கையில் வீட்டுக்கு வந்துசேர்ந்தது எது, வழியில் உதிர்ந்துபோனது எது என்பது தெளிவாகிறது.

மராத்திச் சொல்லிலிருந்தே தொடங்கலாம். சாம்கீள் என்பது சம்ஸ்கிருதத்தின் 'சர்மகீல' என்பதன் வழிச்சொல். சர்மம் தோல், கீலம் முளை அல்லது ஆணி. சுசுருத சம்ஹிதையின் நிதான ஸ்தானத்தில், மூலநோயைப் பேசும் 2ஆம் அத்தியாயத்தின் இறுதியில் இச்சொல் வருகிறது. வியான வாயு சினந்து, கபத்தைப் பற்றிக்கொண்டு, தோலின் வெளிப்புறத்தில் முளைபோன்ற உறுதியான வளர்ச்சிகளைத் தோற்றுவிக்கும் என்றும், அவையும் மூலத்தின் ஒரு வகையே என்றும் அந்நூல் கருதுகிறது. குதத்தில் எழும் முளையும் கழுத்தில் எழும் முளையும் உருவத்தால் ஒத்தவை. ஆகவே இனத்தாலும் ஒத்தவை என்பது அதன் தருக்கம். இந்தி பேசுவோர் இன்றும் மூலநோயின் வீக்கங்களை மஸ்ஸா என்றே அழைக்கின்றனர். நூலின் வகைப்பாடும் தெருவின் பேச்சும் இந்த ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன.

அதே நிதான ஸ்தானத்தின் 13ஆம் அத்தியாயம் சிறுநோய்களைத் தொகுக்கிறது. வலியின்றி, உறுதியாய், உளுந்தைப்போல் கருத்து எழும்பி நிற்பது மஷகம். எள்ளளவாய்க் கருத்துத் தோலோடு சமமாய்க் கிடப்பது திலகாலகம். பிறவியிலேயே அமைவது ஜதுமணி. மஸ்ஸா என்னும் இந்திச் சொல் மஷகத்தின் வழிவந்தது. உளுந்து, எள், முளை ஆகிய மூன்றும் கண்ணுக்குத் தென்பட்ட உருவத்துக்கு இட்ட பெயர்கள். நுண்ணோக்கி இல்லாத காலத்தில் உருவத்தைவிட நம்பகமான சான்று வேறு இருந்திருக்க முடியாது.

இந்த வளர்ச்சிகளுக்குச் சம்ஹிதை சொல்லும் சிகிச்சை, கத்தியால் எடுத்தபின் அவ்விடத்தைக் காரத்தாலோ நெருப்பாலோ சிறிது சிறிதாகச் சுடுவது. க்ஷாரம் என்னும் சொல்லே தமிழில் காரம் என்றும் சாரம் என்றும் வழங்குகிறது. வெங்காரம், நவச்சாரம் ஆகியவற்றில் அதைக் காணலாம். சூத்திர ஸ்தானத்தின் 11ஆம் அத்தியாயம் முழுவதும் இந்தக் காரத்தைக் காய்ச்சும் முறைக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. முஷ்ககம் முதலிய மரங்களைச் சுண்ணாம்புக் கற்களோடு சேர்த்து எரித்து, சாம்பலை ஆறு பங்கு நீரில் கரைத்து, 21 முறை வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். செந்தழலாய்ச் சுட்ட சங்கு முதலியவற்றை அதில் இட்டு மேலும் காய்ச்சி, இரும்புப் பாத்திரத்தில் மூடி வைக்க வேண்டும். மென்மை, நடுத்தரம், கடுமை என மூன்று தரங்களில் அது அமையும்.

இங்கு நிகழும் வேதிவினை இன்று எளிதில் விளங்குவது. மரச்சாம்பலில் உள்ளது பொட்டாசியம் கார்பனேட். அது சுண்ணாம்புடன் சேரும்போது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் எரிகாரம் உண்டாகிறது. வங்க வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய், இந்து வேதியியல் வரலாறு குறித்த தம் நூலின் முதல் தொகுதியை 1902இல் வெளியிட்டபோது, சுசுருதரின் இந்தப் பகுதிக்குத் தனி முக்கியத்துவம் தந்தார்.

எனினும் அந்த அத்தியாயத்தின் பெருமை காய்ச்சும் முறையோடு முடிவதில்லை. அதற்குப்பின் வரும் தடைகளும் வரம்புகளும் அதைவிடக் கருதத்தக்கவை. காரத்தை வைத்தபின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு அந்நூல் தரும் அளவு, நூறு எழுத்துகளை உச்சரிக்கும் பொழுது. குற்றெழுத்துக்கு ஒரு மாத்திரை என்று தமிழ் இலக்கணத்தில் படித்தவர்களுக்கு இந்த அளவை விளங்கிக்கொள்வதில் தடையிராது. கடிகாரமில்லாத அறையில் வைத்தியனின் நாவே கடிகாரம். அந்தக் கணக்கில் அது ஒரு நிமிடத்தை எட்டாத பொழுது. தோல் கருத்ததும் சுட்டது போதும் என்று அறிய வேண்டும். உடனே புளிப்புப் பொருளை நெய்யுடனும் அதிமதுரத்துடனும் சேர்த்து இட்டுக் காரத்தின் வேகத்தை அடக்க வேண்டும்.

எவருக்கு வைக்கலாகாது என்ற பட்டியலும் உண்டு: மெலிந்தோர், குழந்தைகள், முதியோர், அச்சமுற்றோர், கருவுற்றோர். எங்கு வைக்கலாகாது என்ற பட்டியலும் உண்டு: மர்மங்கள், இரத்தக் குழாய்கள், மூட்டுகள், குருத்தெலும்புகள், இமை நோய்கள் தவிர்த்த கண் பகுதி. இறுதியாக, அறிவு குறைந்தவன் கையில் காரம் நஞ்சுக்கும் நெருப்புக்கும் இடிக்கும் ஒப்பாகும் என்ற கடுமையான எச்சரிக்கையும் உண்டு.

இனி வீட்டுச் சுண்ணாம்புக்கும் சலவைச் சோடாவுக்கும் வருவோம். சலவைச் சோடா என்பது சோடியம் கார்பனேட். ஈரச் சுண்ணாம்புடன் அது குழையும்போது பிறப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. சாம்பலுக்குப் பதில் சோடா. மற்றபடி சுசுருதரின் பாத்திரத்தில் நிகழ்ந்த அதே வினை. வெற்றிலைச் சுண்ணாம்பும் துணி வெளுக்கும் பொருளும் ஓர் எரிகாரமாக மாறி ஒருவரது கழுத்தில் அமர்கின்றன. வினை அப்படியே வந்திருக்கிறது. நூறு மாத்திரை வரவில்லை. தரம் பிரிப்பதும், இடம் விலக்குவதும், வேகத்தை அடக்குவதும் வரவில்லை. இரவு முழுவதும் விட்டுவைக்கச் சொல்லும் அறிவுரையே பெரும்பாலும் உடன் வருகிறது. ஆகவே மரு இருந்த இடத்தில் ஆழ்ந்த புண்ணும், பின்னர் மருவைவிடப் பெரிய தழும்பும் எஞ்சுகின்றன. கருந்தோலில் அத்தழும்பு தடித்தோ நிறம் மாறியோ நிலைத்துவிடுவதும் உண்டு.

நூல் கட்டும் முறையின் வரலாறும் இதைப் போன்றதே. சிகிச்சா ஸ்தானத்தின் 17ஆம் அத்தியாயம், மெலிந்தோர்க்கும் கத்திக்கு அஞ்சுவோர்க்கும் புரைவழிப் புண்ணைக் காரம் தோய்த்த நூலால் அறுக்கலாம் என்கிறது. கட்டிகளை மேலே தூக்கி அவற்றின் அடியில் நூலால் கட்டும் வழியையும் அதே இடத்தில் தருகிறது. நூல் அறுத்தபின் புண்ணுக்கு உரிய சிகிச்சையைத் தொடர வேண்டும் என்ற சொல்லும் உடன் வருகிறது. 11ஆம் நூற்றாண்டில் சக்கரபாணி தத்தர், மஞ்சளும் கள்ளிப்பாலும் தோய்த்த நூலை விவரித்தார்.

20ஆம் நூற்றாண்டில் இந்த நூலுக்குப் புத்துயிர் அளித்தவர் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் பி. ஜே. தேஷ்பாண்டே. சம்ஹிதையின் மரபுப்படி சுசுருதருக்குக் கற்பித்தவர் காசி மன்னர் திவோதாசர். நூல் மீண்டதும் அதே காசியில். பொதுவாக வழங்கும் முறையில் நூலுக்கு 21 பூச்சுகள்: கள்ளிப்பால் மட்டும் 11 முறை, கள்ளிப்பாலும் நாயுருவிக் காரமும் 7 முறை, கள்ளிப்பாலும் மஞ்சளும் 3 முறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பவுத்திர நோயாளிகளிடையே பல மையங்களில் ஒப்பாய்வு நடத்தி, 1991இல் முடிவை வெளியிட்டது. அறுவைக்குப் பின் நோய் மீண்டோர் 11 விழுக்காடு; நூலுக்குப் பின் 4 விழுக்காடு. ஆனால் ஆறுவதற்கு அறுவையில் 4 வாரமும் நூலில் 8 வாரமும் ஆயின. நன்மையும் குறையும் ஒருசேர அளக்கப்பட்டதால்தான் அந்த நூல் இன்று மருத்துவமனையில் இடம்பெற்றிருக்கிறது. பவுத்திரத்தில் கிடைத்த அந்தச் சான்றை, வீட்டில் மருவில் கட்டும் குதிரைமயிருக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

எச்சரிக்கைகள் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று வியப்பதற்கில்லை. நேபாளத்தில் கிடைத்த சம்ஹிதையின் ஓலைப்பிரதி ஒன்று கி.பி. 878ஐச் சேர்ந்தது. கல்கத்தாவில் மதுசூதன குப்தரின் பதிப்பாக அந்நூல் அச்சேறியது 1835–36இல். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அதைப் படித்தவர்கள் பெரும்பாலும் சம்ஸ்கிருதம் கற்ற சிலரே. கைவினை கண்ணால் பார்த்துப் பரவும். விலக்குகள் எழுத்தாலோ ஆசிரியராலோ மட்டுமே பரவும். ஆசிரியர் இல்லாத இடத்தில் கைவினை தனியே பயணம் செய்தது.

பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க உதவியது பிற்கால அறிவு. 1907இல் இத்தாலிய மருத்துவர் ஜூசெப்பே சியூஃபோ, மருவை அரைத்து வடித்த, உயிரணுக்கள் நீங்கிய சாறும் மருவைத் தோற்றுவிக்கும் என்று காட்டினார்; அதனால் சொரசொரப்பான மரு வைரசால் பரவுவது என்பது உறுதிப்பட்டது. தொங்கும் மரு வேறு. கொலாஜன் இழையும் சிறு இரத்தக் குழாய்களும் கொண்ட உட்பகுதியை இயல்பான மேல்தோல் போர்த்தியிருப்பதே அது. தொற்றாது, புற்றாக மாறுவது மிக அரிது. உராயும் இடங்களிலும், வயது ஏறும்போதும், கருவுற்ற காலத்திலும் தோன்றும். உடற்பருமனோடும் நீரிழிவோடும் இதற்குத் தொடர்பு உண்டு. ஆகவே கழுத்து கருத்துத் தடிப்பதோடு பல மருக்கள் சேர்ந்து தோன்றினால், இரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பார்ப்பது நன்று. மச்சமோ நிறமிச் செல்களால் ஆனது. அரிதாக அவ்விடத்தில் புற்றும் தோன்றக்கூடும்.

இம்மூன்றையும் உளுந்து, எள், முளை என்று உருவத்தால் மட்டும் பிரிக்கும் கண் சில வேளைகளில் ஏமாறும். நிறம் சீராக இல்லாதது, விரைவாக வளர்வது, தானே இரத்தம் கசிவது, ஆறாமல் இருப்பது ஆகியவற்றின்மேல் நூலையோ காரத்தையோ வைத்தால், ஆய்வுக்கு உரிய திசுவே அழிந்துவிடும். இமையோரத்திலும் பிறப்புறுப்பிலும் உள்ளவற்றை வீட்டில் தொடவே கூடாது. தோல் மருத்துவர் தொங்கும் மருவை மரப்பூசி இட்டுக் கத்தரித்தோ, மின்சூட்டால் தீய்த்தோ, உறைகுளிரால் உதிர்த்தோ சில நிமிடங்களில் நீக்கிவிடுவார். துன்பம் தராத மருவை அப்படியே விட்டுவிடலாம். காரம் பட்டுவிட்டால் இன்றைய மருத்துவம் சொல்வது புளிப்பை அன்று. ஓடும் நீரில் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் விரைய வேண்டும்.

பழைய நூலை முழுவதும் தள்ளுவோரும் முழுவதும் போற்றுவோரும் 11ஆம் அத்தியாயத்தின் பிற்பகுதியைப் படிப்பது அரிது. தான் காய்ச்சிய பொருளைக் கண்டு தானே அஞ்சிய ஒரு நூல் அது. காய்ச்சும் முறை வீட்டை அடைந்ததுபோல் அந்த அச்சமும் அடைந்திருந்தால், பல கழுத்துகளில் தழும்பு இருந்திராது.