முறையியல்

வணிகத்திலும் தொழில்நுட்பத்திலும் ஒரு காரியத்தை எந்தக் கிரமத்தில் தொடங்கி, எங்கே நிறுத்திச் சோதித்து, யாருடைய சம்மதத்தின் பேரில் அடுத்த படிக்குச் செல்வது என்பதையும், அவ்வாறு செய்வதற்குரிய காரணத்தையும் ஒருங்கே வகுத்துரைப்பது முறையியல் எனப்படும். முறை 'இவ்வாறு செய்க' என்பதோடு அமையும். முறையியலோ 'ஏன் இவ்வாறு' என்ற வினாவுக்கும் விடை கூறக் கடமைப்பட்டது. இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குவதால் விளையும் கேட்டுக்கு மென்பொருள் உருவாக்கத்தில் 'அருவி முறை' எனப்படுவதன் சரித்திரத்தினும் தெளிவான திருஷ்டாந்தம் அரிது. அமெரிக்கப் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், தேவைகளை வரையறுத்தல், பகுப்பாய்வு, வடிவமைப்பு, நிரல் எழுதுதல், சோதனை என்று படிப்படியாகக் கீழிறங்கி இயக்கத்தில் முடியும் ஏழு கட்டங்களை ஒரு சித்திரமாகத் தீட்டி, சோதனை இறுதியில் வருவதால் அங்கே வெளிப்படும் பிழை வடிவமைப்பையும், சில சமயம் தேவைகளையுமே திருத்தும்படி செய்துவிடுமாதலால் அதனை அப்படியே கைக்கொள்வது அபாயகரமானது என்று எச்சரித்து, புதிய மென்பொருளை முதலில் சிறிய அளவில் ஒரு தடவை செய்து பார்த்துப் பின்னரே முழுமையாகச் செய்யுமாறு யோசனையும் கூறினார். பிற்காலத்தார் பலர் சித்திரத்தை மட்டும் 'அருவி முறை' என்று எடுத்துக்கொண்டு எச்சரிக்கையைக் கைவிட்டது மிகவும் வருந்தத்தக்கது. 'அருவி' என்ற சொல்லைக்கூட ராய்ஸ் அக்கட்டுரையில் பிரயோகிக்கவில்லை. அருவி முறைக்கு மாறாக, 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்நோபேர்டில் கூடிய 17 மென்பொருளாளர் உருவாக்கிய 'அஜைல்' என்னும் மென்பொருள் முறையியலுக்கான பிரகடனத்தின் கோட்பாடுகளுள் ஒன்று, தேவைகள் காலந்தாழ்ந்து மாறினாலும் அம்மாற்றத்தை வரவேற்க வேண்டும் என்பதாகும்.